நாலாம் நம்பர் இறக்கை: கப்பலூர்ப் பட்டறையில் ஒரு கார்பன் ஃபேன் பிரிந்த கதை

இறக்கை கழன்றபோது சத்தம் அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. தகரக் கூரையில் தேங்காய் விழுந்த மாதிரி ஒரு 'டப்'. அடுத்த நொடியே மோட்டார் மேடை முழுக்கக் குலுங்க ஆரம்பித்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த தம்பி சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டான். சுற்றி நிற்பதற்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். அதுவரை நாங்கள் ஆறு பேரும் வாய் திறக்கவில்லை.

போய்ப் பார்த்தால், ஆறு இறக்கைகளில் நாலாம் நம்பர் இருந்த இடத்தில் அடிக்கட்டை மட்டும் பிடிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதை மேலும் கீழும் மூடியிருந்த இரண்டு தோலும், அதாவது வெளி அடுக்குகளும், உருவிக்கொண்டு போயிருந்தன, வாழைப்பழத் தோலை உரித்த மாதிரி. ஐந்தாம் நம்பர் நுனி தும்புதும்பாகத் துடைப்பக்கட்டை போல் நின்றது. சுற்றிலும் வைத்திருந்த இரும்பு வளையத்தில் ஒரு கீறல். அதற்கு வெளியே அடுக்கிய லாரி டயர்களுக்கு வேலையே இல்லை.

நான் மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டையில் எஃப்ஆர்பி (இழையை ரெசினில் தோய்த்துச் செய்யும் பிளாஸ்டிக்) பட்டறை வைத்திருக்கிறேன். நூற்பாலைகளுக்குக் கூலிங் டவர் ஃபேன் இறக்கை, தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு என்று கண்ணாடி இழையில் 20 வருடமாகக் கை நனைத்தவன். வந்தவர்கள் இந்தப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்கள் நாலு பேரும் அவர்களுடைய ஆசிரியரும். டர்போஃபேன் எஞ்சினின் முன்பக்க ஃபேனைச் சிறிய அளவில் கார்பன் இழையில் செய்து, மோட்டாரில் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது திட்டம். முதலில் அவர்கள் கேட்டது டர்பைன் இறக்கை. "தம்பி, அது பீங்கான் இழை, சூளை சமாச்சாரம். கப்பலூரில் ஆகாது" என்று சொல்லி ஃபேனுக்குக் கொண்டுவந்தேன்.

ஃபேனும் லேசுப்பட்டதல்ல. இன்றைய பயணிகள் விமான எஞ்சினில் உள்ளே போகும் காற்றில் பெரும்பங்கு எரியறைக்குப் போவதே இல்லை. முன்னால் இருக்கும் பெரிய ஃபேன் அதை அப்படியே பின்னால் தள்ளிவிடுகிறது. தள்ளுவிசையில் பெரும்பகுதி அதிலிருந்துதான் கிடைக்கிறது. ஃபேன் எவ்வளவு பெரிதோ அவ்வளவு எரிபொருள் மிச்சம். ஆனால் பெரிதாக்கினால் எடை கூடும். சுற்றும் பொருளின் எடை கூடினால் அதைப் பிடித்திருக்கும் வட்டு, அச்சு, பேரிங், வெளிக்கூடு, விமானத்தின் சிறகோடு எஞ்சினைக் கட்டும் தாங்கி என்று எல்லாமே தடிக்கும். ஒரு இறக்கையில் குறைக்கும் ஒரு கிலோ, மொத்தத்தில் பல கிலோவாகத் திரும்பி வருவது இதனால்தான். டைட்டானியத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல நாலரை மடங்கு. கார்பன் இழையும் அதை ஒட்டிப் பிடிக்கும் எபாக்சி ரெசினும் சேர்ந்த பொருள் 1.6 மடங்கு. ஆசை வராமல் இருக்குமா?

எங்கள் ஃபேனின் கணக்கைக் கரும்பலகையில் ஆசிரியர் போட்டுக் காட்டினார். குறுக்களவு அரை மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 3,000 சுற்று. ஒரு இறக்கை 100 கிராம். அதன் எடை மையம் அச்சிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்தால், சுற்றும்போது அது வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 150 கிலோ. நூறு கிராம் பொருள், ஐம்பது கிலோ மூட்டையாக மூன்று மூட்டை அரிசியைத் தொங்கவிட்ட மாதிரி இழுக்கிறது. அந்த இழுப்பு முழுவதும் போய்ச் சேரும் இடம் இறக்கையின் அடி. நாங்கள் அதை வேர் என்றே சொல்லிக்கொண்டோம்.

எப்படிச் செய்தோம்

இறக்கையின் நடுவில் தடிப்பு 3 மி.மீ., வேரில் 14 மி.மீ. அலுமினிய வட்டில் வெட்டிய, உள்ளே அகன்று வாயில் குறுகும் டவ்டெயில் பள்ளத்தில் வேர் போய் உட்கார வேண்டும். இழுக்க இழுக்க இறுகும் ஆப்பு மாதிரி. கார்பன் துணி ஓர் அடுக்கு கால் மில்லிமீட்டர்கூட வராது. அப்படியானால் இறக்கைக்கு ஒரு டஜன் அடுக்கு போதும், வேருக்கோ ஐம்பதைத் தாண்டும். மிச்ச அடுக்குகள் வேரில் தொடங்கி வழியிலேயே முடிய வேண்டும்.

இங்கேதான் நான் என் மூளையை உபயோகித்தேன். வேருக்கான கூடுதல் அடுக்குகளைத் தனியாக ஒரு கட்டையாக முந்தின நாள் சாயங்காலமே போட்டு வைத்துவிடலாம். மறுநாள் காலையில் அதற்கு மேலும் கீழும் தோல் போட்டு மூடிவிடலாம் என்றேன். கூலிங் டவர் இறக்கை எல்லாம் அப்படித்தான் செய்கிறோம். வேலை சுலபம், வடிவம் பிசகாது. மாணவர்கள் தலையாட்டினார்கள். 20 வருட அனுபவம் பேசும்போது யார் மறுப்பார்கள்?

கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த சாயங்காலம் அது. கட்டைகளைப் போட்டு, மேலே எதுவும் மூடாமல், கொட்டகையில் அப்படியே விட்டுவிட்டுப் போனோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, பட்டறையில் பல வருடமாக லேஅப் போடும், அதாவது துணியை ரெசினோடு அடுக்கும், அக்கா ஒரு கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பிசுக்குனு ஒட்டவே இல்லையே, மெழுகு தடவுன மாதிரி வழவழன்னு இருக்கு" என்றார். "நல்லாக் காஞ்சிருக்குக்கா, நல்லதுதான்" என்று நான் சொன்னேன். இந்த ஒரு வரியைத்தான் பின்னாளில் மாணவர்கள் தங்கள் அறிக்கையில் சேர்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டு மோல்டு இருந்ததால் நாளுக்கு இரண்டு இறக்கை. மூன்றாம், நாலாம் நம்பர் போட்ட நாளன்று, தோல் போட்டு, காற்றை உறிஞ்சி அடுக்குகளை அமுக்கும் வேக்கம் பையை மூடிப் பம்பை ஓடவிட்டபோது மணி பத்தாகப் பத்து நிமிடம். பத்துக்குக் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. முந்தின நாள் பேப்பரிலேயே போட்டிருந்தார்கள், எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. ஜெனரேட்டர் இருந்தது, பம்பு இருந்த பக்கத்துக்கு அதிலிருந்து ஒயர் இல்லை. ஒயர் இழுத்து மறுபடி பம்பை ஓட்டக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் பை தளர்ந்துவிட்டது. மார்ச் கடைசி வெயிலில் எங்கள் எபாக்சி அதற்குள் கெட்டியாகவும் ஆரம்பித்திருந்தது.

மோல்டிலிருந்து எடுத்தபோது இரண்டும் பளபளவென்றுதான் இருந்தன.

பார்த்தும் பார்க்காதது

சோதனை செய்யாமல் விடவில்லை. தெற்கு ஆவணி மூல வீதியில் தெரிந்தவர் மூலம் கிடைத்த நகைக்கடைத் தராசில் ஆறையும் நிறுத்தோம். நாலாம் நம்பர் மற்றதைவிடக் கொஞ்சம் கனம். வேக்கம் இல்லாததால் கூடுதல் ரெசின் வெளியேறாமல் உள்ளேயே தங்கியிருக்கிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நாங்களோ நுனியை அரத்தால் தேய்த்து எடையைச் சமப்படுத்தினோம். தடயத்தை நாங்களே தேய்த்துத் துடைத்த கதை.

அப்புறம் காசுத் தட்டல். மானாமதுரையில் கடம் செய்கிறவர்கள் விரலால் சுண்டிப் பார்த்தே விரிசலைச் சொல்லிவிடுவார்கள். கார்பன் இழையிலும் இது நடக்கும். ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே போனால், அடுக்குகள் ஒட்டியிருக்கும் இடத்தில் 'டிங்'; பிரிந்திருக்கும் இடத்தில் 'டொக்'. விமானப் பராமரிப்பிலும் இந்த முறை இன்றுவரை உண்டு. ஆறு இறக்கையும் மணி மாதிரி ஒலித்தன.

இதில் ஒரு விஷயம் எங்களுக்குத் தெரியாது. காசுத் தட்டல் மெல்லிய பகுதிக்குத்தான் சரி. 14 மி.மீ. தடித்த வேரின் உள்ளே இருக்கும் பிளவு மேலே காசுக்குக் கேட்காது. எது பலமாக இருக்க வேண்டுமோ, அதை மட்டும்தான் நாங்கள் சோதிக்கவே இல்லை. பெரிய எஞ்சின் தொழிற்சாலைகளில் இதற்குக் காதுக்குக் கேட்காத ஒலி அலையை உள்ளே அனுப்பி அல்ட்ராசோனிக் பார்க்கிறார்கள். மருத்துவமனையில் மனிதர்களுக்கு எடுக்கும் சிடி ஸ்கேன் மாதிரி எடுத்து உள்ளே அடுக்கு அடுக்காகப் பார்க்கிறார்கள்.

சுற்றிப் பார்த்த நாளில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று படிப்படியாக ஏற்றினோம். 2,600-ஐத் தொட்டபோது நாலாம் நம்பர் போனது. இழுப்பு விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். அந்த வேகத்தில் முழு இழுப்பில் முக்கால் பங்குதான் வந்திருந்தது.

அறுத்துப் பார்த்தோம்

மிச்சமிருந்த ஐந்தின் வேரையும் வைர பிளேடு போட்டு அறுத்து, தண்ணீர் உப்புத்தாளில் நைசாகத் தேய்த்து, கல்லூரி ஆய்வகத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தோம். ஐந்திலும் கட்டைக்கும் தோலுக்கும் நடுவே பென்சிலால் கோடு கிழித்த மாதிரி ஒரு வரி தெரிந்தது. மூன்றாம் நம்பரில் அந்த வரி வாய் பிளந்து, காற்றுக் குமிழிகள் பாசிமணி கோத்தது போல வரிசையாக இருந்தன. அடுத்த சுற்றில் அதுவும் போயிருக்கும்.

வரி ஏன் வந்தது என்பதற்கான பதில் அக்கா சொன்ன வழவழப்பில் இருந்தது. நாங்கள் வழக்கமாகப் புழங்குவது பாலியெஸ்டர் ரெசின். காற்றுப் பட்டால் அதன் மேற்பரப்பு முழுசாகக் காயாது, பிசுபிசுப்பு தங்கும். மறுநாள் அதன்மேல் அடுத்த அடுக்கைப் போட்டாலும் இரண்டும் கூடிக்கொள்ளும். அதனால்தான் கூலிங் டவர் இறக்கையில் இந்தக் குறுக்குவழி என்னைக் கைவிட்டதே இல்லை. எபாக்சியின் குணம் வேறு. அமீன் ஹார்டனர் (கெட்டியாக்கும் திரவம்) போட்ட எபாக்சி, ஈரக்காற்றில் காயும்போது, காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகுப் படலம் ஒன்றை விடும். அதைத் தண்ணீரால் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த அடுக்கு. இல்லையென்றால் எண்ணெய் தடவிய சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரிதான். மழை பெய்த சாயங்காலம், மூடாத கொட்டகை: படலத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆக, மின்தடையைக் காரணம் காட்டித் தப்பிக்க வழியில்லை. அது இரண்டு இறக்கையை மேலும் கெடுத்தது, அவ்வளவுதான். ஆறையும் கெடுத்தது என் கைப்பழக்கம்.

மூன்றாவதாக வடிவத்திலும் ஒரு தப்பு இருந்தது. கட்டையின் அத்தனை அடுக்குகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் முடிந்தன. இறக்கையின் இழுப்பை ஏந்தி வருவது தோல். வட்டு பிடித்திருப்பதோ கட்டையையும் தோலையும் சேர்த்து. இழுப்பு தோலிலிருந்து கட்டைக்குப் போக ஒரே வழி நடுவிலிருக்கும் பசைதான். கார்பன் இழை நீளவாக்கில் எஃகையும் மிஞ்சும். இழைகள் ஒரே திசையில் படிந்த பலகையை அடுக்குக்குக் குறுக்கே இழுத்தால் அந்தப் பலத்தில் முப்பதில், நாற்பதில் ஒரு பங்குதான் தாங்கும். அந்தத் திசையில் இழையே இல்லை, வெறும் ரெசின். உலோகத்தில் இந்தப் பாகுபாடு கிடையாது, எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் உலோகம் பழகியவன் கண்ணுக்கு இது சட்டென்று படாது.

இதே பள்ளத்தில் விழுந்த பெரியவர்கள்

அன்று சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்தபோது, ஆசிரியர் ரோல்ஸ்-ராய்ஸ் கதையைச் சொன்னார். 1960-களின் கடைசியில் லாக்ஹீட் ட்ரைஸ்டார் விமானத்துக்காக ஆர்பி211 எஞ்சினை அவர்கள் உருவாக்கினார்கள். ஃபேன் இறக்கைக்கு ஹைஃபில் என்று பெயரிட்ட கார்பன் இழைப் பொருள். எடை நிறையக் குறையும் என்பது கணக்கு. 1970-இல் பறவை மோதல் சோதனையில் அந்த இறக்கை உடைந்தது. வேறு வழியில்லாமல் டைட்டானியத்துக்குத் திரும்பினார்கள். 1971 பிப்ரவரி 4-ஆம் தேதி நிறுவனமே நொடித்து, பிரிட்டன் அரசு எடுத்து நடத்த வேண்டி வந்தது. இறக்கை ஒன்றால்தான் கம்பெனி மூழ்கியது என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மொத்த எஞ்சினின் செலவுமே ஒப்புக்கொண்ட விலையைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கார்பன் இறக்கை என்றாலே எஞ்சின்காரர்கள் முகம் சுளிக்க, அந்தச் சோதனை போதுமானதாக இருந்தது.

பறவை என்றதும் மாணவர்களில் உசிலம்பட்டித் தம்பி, "மயில் அடிச்சா என்னண்ணே ஆகும்?" என்றான். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மயில் கூட்டம் கூட்டமாகத் திரிகிறது, நியாயமான கேள்விதான். இன்றைய விதிப்படி, மிகப் பெரிய வாயுள்ள எஞ்சினுக்குச் சோதனையில் எறியும் ஒற்றைப் பறவையின் எடை 3.65 கிலோ. ஆண் மயில் 4 முதல் 6 கிலோ வரும். அந்தப் பெரிய பறவை அடித்தபிறகும் எஞ்சின் ஓட வேண்டும் என்று விதி கேட்பதில்லை. தீப்பிடிக்காமல், துண்டு வெளியே பாயாமல், ஒழுங்காக அணைய வேண்டும், அவ்வளவே. பையனுக்கு இந்தப் பதில் திருப்தியாக இல்லை.

ஹைஃபில் தோற்றதற்குப் பிறகு கார்பன் இறக்கை பயணிகள் விமானத்தில் நிலையாக வந்து உட்காரக் கால் நூற்றாண்டு ஆனது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1980-களில் கூடில்லாத ஃபேன் எஞ்சின் ஒன்றில் கார்பன் இறக்கையைப் பறக்கவிட்டுப் பார்த்தது. அதில் கிடைத்த துணிச்சலில் ஜிஇ90 எஞ்சின் வந்தது. 1995 நவம்பரில் போயிங் 777-இல் சேவைக்குப் போனது. அதில் 22 கார்பன் இறக்கைகள். அவர்கள் மாற்றியது முக்கியமாக இரண்டு விஷயம். பழைய எபாக்சி கண்ணாடி மாதிரி, அடி விழுந்தால் அடுக்குகளுக்கு நடுவே விரிசல் ஓடிவிடும். புதியதில் விரிசலை வழியில் மடக்கும் குணம் கூட்டியிருந்தார்கள். அடுத்தது, காற்றை வெட்டும் முன் விளிம்புக்கு டைட்டானியத் தகட்டுக் கவசம். மண்வெட்டி மரப்பிடிக்கு இரும்புப் பூண் போடுகிறோமே, அந்த யோசனைதான். பறவையின் முதல் அடியை உலோகம் வாங்கி, பரப்பி, இழைக்குக் கொடுக்கிறது. வேர்ப் பகுதியில் அடுக்குகள் ஒன்றுவிட்டு ஒன்றாகப் படிப்படியாக முடியும். கட்டை எல்லாம் கிடையாது.

அதற்குப் பின்னால் வந்த ஜிஇஎன்எக்ஸ் எஞ்சினில் இறக்கை 18 ஆகக் குறைந்தது, ஜிஇ9எக்ஸில் 16. அகலமும் வளைவும் கூடக்கூட எண்ணிக்கை குறையும். ஜிஇஎன்எக்ஸில் இறக்கையைச் சுற்றியுள்ள கூட்டையும் கார்பனிலேயே செய்துவிட்டார்கள். இது ஏன் முடிந்தது என்பதை எங்கள் இரும்பு வளையத்துக் கீறல் சொன்னது. ஓர் இறக்கை உடைந்தால் கூடு அதை வெளியே விடாமல் பிடித்தாக வேண்டும். டைட்டானிய இறக்கை கோடாரி மாதிரி போய் அடிக்கும். கார்பன் அடித்த இடத்திலேயே தும்பாகிச் சிதறிவிடும், கூட்டுக்குப் பாதிப்பு குறைவு.

தைத்துப் பார்த்தோம்

இரண்டாம் சுற்றுக்கு யோசனை செல்லூர்ப் பையனிடமிருந்து வந்தது. அவன் அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். பிரிந்த வேரை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். "இது துணியே இல்லையேப்பா, துணியை அடுக்கி வச்ச கட்டு. கட்டுன்னா நாலு தையல் போட வேணாமா?" என்று அவர் கேட்டாராம்.

கேட்டது நியாயம். பாவும் ஊடையும் ஒரு தளத்தில்தான் பின்னிக்கொள்கின்றன. தளத்துக்கும் தளத்துக்கும் நடுவே நூல் இல்லை. எனவே கார்பன் நூலை ஊசியில் கோத்து, ரெசின் போடும் முன் வேரின் காய்ந்த துணிக்கட்டை மேலிருந்து கீழாகத் தைத்தோம். சாக்குத் தைக்கும் கோணி ஊசி. ஊசி நுழைந்த இடமெல்லாம் இழை அறுந்தது, தையலைச் சுற்றி இழை ஒதுங்கி அங்கே ரெசின் குட்டை கட்டியது. கல்லூரியின் இழுவை எந்திரத்தில் போட்டு இழுத்தால், தைத்த வேர் அடுக்குப் பிரியவே இல்லை. ஆனால் தைக்காத நல்ல வேரைவிட முன்னதாகவே, தையல் வரிசையிலேயே, குறுக்காக அறுந்தது. தபால்தலை ஓட்டை வரிசையில் கிழிகிற மாதிரி. ஒரு திசையில் வாங்கி மறு திசையில் கொடுத்த வியாபாரம்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் உண்டு, அதுவும் தறியில். ஏர்பஸ் ஏ320நியோ விமானங்கள் பலவற்றில் பொருத்தப்படும் லீப் எஞ்சின் 2016-இல் சேவைக்கு வந்தது. அதன் 18 ஃபேன் இறக்கைகளும் அடுக்கி ஒட்டியவை அல்ல, முப்பரிமாணத்தில் நெய்தவை. பாவு நூல்களைத் தனித்தனியே தூக்கி இறக்கும் ஜக்கார்டு தறியில், பாவு நூல் ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு இறங்கி ஏறி எல்லாவற்றையும் பிணைத்துக்கொண்டே போகிறது. வேரில் தடிப்பும் நுனியில் மெலிவும் நெய்யும்போதே வந்துவிடும். அந்த நெசவை மோல்டில் வைத்து ரெசினை அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். தையலில் அறுந்த இழை இங்கே அறுவதில்லை, முதலிலிருந்தே அந்த வழியாகத்தான் போகிறது. இதற்கும் விலை உண்டு. நூல் ஏறி இறங்கினால் நேராகக் கிடக்கும் நூல் அளவுக்கு விறைப்பு கிடைக்காது. சுங்குடிக்கு நெய்யும் துணியை நுணுகிப் பார்த்தாலே தெரியும், ஒரு நூலும் நேராகக் கிடக்காது. இழை எங்கே எவ்வளவு வளையலாம் என்பதைக் கணக்குப் போட்டு வைத்ததுதான் அவர்கள் கெட்டிக்காரத்தனம். ஜக்கார்டுப் பெட்டியை வீட்டில் பார்த்து வளர்ந்த பையன், இதைப் படித்த அன்று மற்றவர்கள் முன்னால் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தான்.

சூட்டுப் பக்கம்

மாணவர்கள் முதலில் கேட்ட டர்பைன் பற்றியும் நாலு வரி. எபாக்சி நிற்கும் இடம் எஞ்சினின் குளிர்ந்த முன்பக்கம் மட்டும். நடுவில் சூடு ஏறினால் வேறு ரெசின் தேவை. தேஜஸ் போர் விமானத்தில் இருக்கும் எஃப்404 எஞ்சின் குடும்பத்தில் வெளிக்குழாயை, நாசாவில் உருவான பிஎம்ஆர்-15 என்ற பாலிஇமைடு ரெசினில் செய்ததுண்டு. எரியறையும் டர்பைனும் இருக்கும் இடத்தில் எந்த ரெசினும் நிற்காது. அங்கே வருவது சிலிக்கான் கார்பைடு இழையைச் சிலிக்கான் கார்பைடிலேயே பதித்த பீங்கான் கலவை. நிக்கல் உலோகக்கலவையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. 1,300 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும். குளிரவைக்க உள்ளே செலுத்தும் காற்று குறைந்தால், அந்தக் காற்று உந்துவிசைக்கு மிஞ்சும். லீப் எஞ்சினில் உயரழுத்த டர்பைனைச் சுற்றியுள்ள வளையத் துண்டுகள் இந்தப் பொருள்தான்.

பீங்கான் என்றால் நொறுங்காதா என்று கேட்டார்கள். இழையின்மேல் போரான் நைட்ரைடு பூச்சு மெலிதாகப் பூசியிருக்கும். விரிசல் ஓடி வந்து இழையைத் தொடும்போது அந்தப் பூச்சில் வழுக்கிப் பக்கவாட்டில் திரும்பிவிடும், இழை அறுவதில்லை. எங்கள் இறக்கையில் அடுக்குகள் ஒட்டாதது கேடானது. அங்கே இழை இறுக ஒட்டாததுதான் காப்பு. எனக்கு இந்த முரண் ரொம்பப் பிடித்தது. அவர்களுக்குள்ள தலைவலி நீராவி. எரியும் வாயுவிலுள்ள நீராவி சிலிக்காவை அரித்துக்கொண்டே போகும். அதற்கென்று மேலே தனிப் பூச்சு போட்டே ஆக வேண்டும்.

இரண்டாம் சுற்று

செய்த மாற்றங்களைச் சொல்லிவிடுகிறேன். கட்டையை ஒழித்தோம். கூடுதல் அடுக்குகளைத் தோலின் அடுக்குகளுக்கு இடையிடையே செருகி, ஒவ்வொன்றையும் சில மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி முடித்தோம். வேலையைச் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கினோம். நிதான ஹார்டனர், ஒரே மூச்சில் எல்லா அடுக்கும். தடித்த வேரில் ரெசின் தன் சூட்டிலேயே கொதித்துவிடாமல் இருக்கவும் இது உதவியது. மே மாதப் பகலில் மக்கில் ஒரு கிலோ எபாக்சியைக் கலந்து வைத்துவிட்டுத் திரும்பியவர்களுக்குப் புகை என்றால் என்னவென்று தெரியும். பம்புக்கு ஜெனரேட்டர் இணைப்பு, ராத்திரி முழுக்கக் காவலுக்கு முறைவைத்து இரண்டு பேர்.

பக்கத்துப் பவுடர் கோட்டிங் பட்டறையின் சூளையை ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கி, 80 டிகிரியில் வைத்து இறக்கைகளை வேகவிட்டோம். அறைச் சூட்டில் மட்டும் காய்ந்த எபாக்சி 60 டிகிரியை நெருங்கினாலே தளர ஆரம்பித்துவிடும். கறுப்புக் கார்பன் மதுரை வெயிலில் கிடந்தால் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். சூளையில் வெந்தால் அந்த வரம்பு மேலே போகும்.

ஆறு தேவை, எட்டு செய்தோம். ஒன்றை அறுத்துப் பார்த்தோம், வரி இல்லை. இன்னொன்றை இழுவை எந்திரத்தில் போட்டோம். வேர் பிரியவில்லை, கடைசியில் அலுமினியப் பள்ளத்தின் உதடு வளைந்தது. மிச்ச ஆறும் 3,000 சுற்றில் ஒரு மணி நேரம் ஓடின. ஆசிரியர் இன்னும் வேகம் ஏற்றலாம் என்றார், நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு கல்லூரியிலிருந்து போன்: வட்டில் வெள்ளையாக மாவு பூக்கிறது என்றார்கள். கார்பனும் அலுமினியமும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் பேட்டரி மாதிரி ஆகி அலுமினியம் அரிக்கும். டைட்டானியத்தோடு இந்தச் சண்டை வராது, எஞ்சின்காரர்கள் கார்பனுக்குப் பக்கத்தில் அதை வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எங்களிடம் டைட்டானியம் ஏது? வேரைச் சுற்றி ஓர் அடுக்கு கண்ணாடி இழைத் துணியைச் சுற்றி ஒட்டினோம். கண்ணாடி மின்சாரம் கடத்தாது. அதோடு நின்றது.

பட்டறைக்கு மேலே மதுரை விமான நிலையத்துக்கு ஏடிஆர் என்ற புரொப்பல்லர் விமானம் இறங்கும்போதெல்லாம் பையன்கள் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். ஏடிஆர் 72-600 விமானத்தின் ஆறு இதழ் புரொப்பல்லரும் இழைக் கலவைதான் என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பழக்கம். எனக்கும் தொற்றிக்கொண்டது.

கடைசியாக ஒன்று. அடுத்த வருட மாணவர்கள் ஃபேனைச் சுத்தம் செய்யும்போது, மேசையிலிருந்து ஒரு ஸ்பேனர் இரண்டாம் நம்பர் இறக்கைமேல் விழுந்துவிட்டது. மேலே நகக்கீறல்கூட இல்லை. காசு தட்டினார்கள், 'டிங்' என்றே கேட்டதாம். "அண்ணே, ஒண்ணும் ஆகலண்ணே, மாட்டிறலாமா?" என்று போனில் கேட்டார்கள். கொண்டுவரச் சொல்லி, விழுந்த இடத்திலேயே குறுக்காக அறுத்தேன். அடி பட்ட மேல்பக்கம் சுத்தமாக இருந்தது. உள்ளே போகப்போக விரிசல் குடை மாதிரி விரிந்து, பின்பக்கத்தை ஒட்டிய கடைசி இரண்டு அடுக்குகள் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பிரிந்து கிடந்தன. அவர்கள் காசு தட்டியது முன்பக்கத்தில் மட்டும். ஸ்பேனர் 17-க்கு 19, விழுந்த உயரம் மேசையிலிருந்து ஒன்றரை அடி என்று ஒரு பையன் நோட்டில் குறித்துக்கொண்டான். புது இரண்டாம் நம்பருக்கு அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மோல்டில் மெழுகு தடவ ஆரம்பித்தோம்.